பூட்டும் ஆட்டமும் – 9: மோப்பம் பிடித்த இருவர்

சென்ற வாரம் 2003-இல் நின்றோம். மலேசியாவில் விற்கும் படம், பாட்டு வட்டுகளில் அரசின் மின்னும் முத்திரை இருந்தே ஆக வேண்டும் என்று ஆணை வந்துவிட்டது. கள்ள வட்டு நின்றதா? நிற்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து அமலாக்க அதிகாரிகள் நாய்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

லக்கி, ஃப்ளோ. இரண்டும் கறுப்பு லாப்ரடார். அமெரிக்கத் திரைப்படக் கம்பெனிகளின் சங்கம் செலவு செய்து வட அயர்லாந்தில் பழக்கிய நாய்கள். 2007 மார்ச்சில் மலேசியா வந்தன. வட்டு செய்யப் பயன்படும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் வாடையைப் பிடிப்பதே அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. பெட்டிக்குள் வட்டு இருந்தால் நாய் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வந்த மாதமே ஜொகூர் பாருவில் ஒரு சோதனை. ஏறக்குறைய பத்து லட்சம் வட்டுகள் சிக்கின. அடுத்த சில நாளில் நாடே பேசிய செய்தி வந்தது: வட்டுக் கும்பல் அந்த இரண்டு நாய்களின் தலைக்கு விலை வைத்திருக்கிறதாம். அதிகாரிகள் அவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிக் காவலைப் பலப்படுத்தினார்கள்.

நாய்க்கு விலை வைக்கும் அளவுக்கு அந்த வியாபாரத்தில் என்ன இருந்தது? அன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைவீதிகளுக்குள் போனால்தான் புரியும்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தமிழ்ப் பட வட்டுக்கு இருந்த கூட்டம் எல்லாருக்கும் நினைவிருக்கும். கணினி ஆட்டம் வேண்டுமென்றால் புக்கிட் பிந்தாங் பக்கம் போக வேண்டும். அங்கே இம்பி பிளாசா. 1999-இல் அதன் அருகில் லோ யட் பிளாசாவும் திறந்தது. கள்ள வட்டு விற்பவர் மேசையில் வட்டே இருக்காது. தடித்த பிளாஸ்டிக் கோப்பு ஒன்று இருக்கும். உள்ளே அட்டைப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நீங்கள் எண்ணைச் சொன்னால் ஒரு பையன் கூட்டத்துக்குள் மறைவான். சற்று நேரத்தில் காகித உறையில் வட்டு வந்து சேரும். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. சோதனை என்று குரல் கேட்டால் கோப்பை மூடிக்கொண்டு நடையைக் கட்டலாம். அதிகாரி வந்து பார்த்தால் வெறும் மேசைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1987-இலேயே பதிப்புரிமைச் சட்டம் வந்தாயிற்று. 2000-இல் வட்டுத் தொழிற்சாலைகளுக்கென்றே தனிச் சட்டம்: உரிமம் இல்லாமல் வட்டு அச்சடிக்க முடியாது, எந்த ஆலை அடித்தது என்று காட்டும் குறி ஒவ்வொரு வட்டிலும் இருக்க வேண்டும். ஆனால் அசல் ஆட்டத்தின் விலை நூறு வெள்ளியைத் தாண்டி நின்றது. தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை எதை வாங்கும்?

அந்த வீடுகளிலும் சிலர் காசு சேர்த்து அசலையே வாங்கினார்கள். இந்தத் தொடரை நான் எழுதுவதே அவர்களுக்காகத்தான். அவர்களுக்குக் கிடைத்தது என்ன? சேஃப்டிஸ்க் போன்ற பூட்டுகள். அசல் வட்டில் வேண்டுமென்றே பழுதான இடங்களை வைத்திருப்பார்கள். ஆட்டம் தொடங்கும்போது நிரல் அந்தப் பழுதைத் தேடிப் படிக்கும். சாதாரண நகலில் அது சரியாக வராது, ஆட்டம் நின்றுவிடும். கள்ள வட்டு அடித்தவனோ அந்தத் தேடலையே நிரலிலிருந்து வெட்டி எறிந்துவிட்டான். அவனிடம் வாங்கியவனுக்கு வட்டைக் கணினியில் போட வேண்டிய அவசியமே இல்லை. காசு கொடுத்தவன் வட்டில் கீறல் விழாமல் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தப் பூட்டு விண்டோஸின் அடிவயிற்றில் ஓர் ஓட்டியை (driver) இறக்கித்தான் வேலை செய்யும் என்பதால், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் மூலம் ஆட முயன்றவர்களையும் அதுவே படுத்தியது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தது. பாதுகாப்புக் குறை காரணமாக மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டியை விலக்கியது. அன்றோடு பல அசல் வட்டுகள் அசையவில்லை. வெட்டப்பட்ட பிரதிகள் ஓடின.

காசு கொடுத்தவன் யார், கள்ளன் யார் என்று பூட்டுக்குத் தெரியவில்லை. லக்கி, ஃப்ளோவுக்கும் இதே குறை இருந்தது. பிளாஸ்டிக்கின் வாடைக்கு அசல் எது, கள்ளம் எது என்று தெரியாது. நாய் காட்டிய இடத்தில் மனிதர் பெட்டியைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

இப்போது கதை கோலாலம்பூரை விட்டு வெகுதூரம் போகிறது. வார்சா, போலந்து. அங்கேயும் ஓர் இம்பி பிளாசா இருந்தது, திறந்தவெளியில். கம்யூனிச ஆட்சி விழுந்த சமயம். மென்பொருளைக் காக்கும் பதிப்புரிமைச் சட்டம் 1994-இல்தான் வந்தது. அதுவரை சந்தையில் ஆட்டங்களை நகலெடுத்து விற்பது சாதாரணம். அந்தச் சந்தையில் வளர்ந்த பள்ளித் தோழர்கள் மார்சின் இவின்ஸ்கியும் மிகால் கிசின்ஸ்கியும் அதே 1994-இல் சிடி புரொஜெக்ட் என்ற கம்பெனியைத் தொடங்கி, அசல் வட்டை இறக்குமதி செய்து விற்றார்கள். சுற்றிலும் கள்ள வட்டு. யார் வாங்குவார்?

1998 டிசம்பரில் கனடாவின் பயோவேர் உருவாக்கிய ‘பால்டர்ஸ் கேட்’ வெளிவந்தது. ஐந்து வட்டு கொண்ட பெரிய ஆட்டம். தோழர்கள் கணக்குப் போட்டார்கள்: ஐந்து வட்டு என்றால் கள்ளப் பிரதியும் அவ்வளவு மலிவாக வராது. நாம் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டு, அதற்கு ஈடாக அள்ளிக் கொடுத்தால்? ஆட்டம் முழுவதையும் போலிஷ் மொழிக்கு மாற்றினார்கள். நாட்டின் பேர்பெற்ற நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், விதிப்புத்தகம், இசை வட்டு எல்லாம் வைத்தார்கள். 1999-இல் அந்தப் பெட்டி கடைக்கு வந்தது. முதல் நாளே 18,000 விற்றது.

வாங்குபவனைத் திருடனாகப் பார்க்காமல் வாடிக்கையாளனாக நடத்தினார்கள், அவ்வளவுதான். மலேசியாவில் இதை யாரும் செய்து பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

2008-இல் அதே கம்பெனி ‘குட் ஓல்ட் கேம்ஸ்’ என்ற இணையக் கடையைத் திறந்தது. இன்று அதன் பெயர் ஜிஓஜி. அங்கே விற்கும் ஆட்டங்களுக்குப் பூட்டே கிடையாது. கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால் அது உங்களுடையது. 2011-இல் தங்கள் சொந்த ஆட்டமான ‘தி விட்சர் 2’-ஐ இரண்டு விதமாக விற்றார்கள்: கடை வட்டில் பூட்டு, ஜிஓஜியில் பூட்டில்லை. பூட்டில்லாததுதான் முதலில் களவு போகும் என்றார்கள் தொழிலில் இருந்தவர்கள். முதலில் களவு போனது பூட்டிய வட்டு.

இதற்கிடையே மலேசியாவில், 2010 மார்ச்சில், டெலிகோம் மலேசியா யூனிஃபை என்ற அதிவேக இணைய இணைப்பைக் கொண்டுவந்தது. முதலில் கிடைத்த இடங்களில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்துப் பங்சாரும் ஒன்று. மெல்ல மெல்ல வட்டு என்ற பொருளே கடைகளிலிருந்து மறைந்தது. இனி நாய்க்கு மோப்பம் பிடிக்க ஒன்றுமில்லை.

2019 ஜூன் 6. கூகிள் தன் ஸ்டேடியா சேவையை விளக்கிய நிகழ்ச்சியில் ஓர் அறிவிப்பு: ‘பால்டர்ஸ் கேட் 3’ வரப்போகிறது. செய்பவர் பெல்ஜியத்தின் லாரியான். அந்த நிறுவனத்தின் ஸ்டூடியோக்களில் ஒன்று கோலாலம்பூரில். வார்சா சந்தையை வென்ற அதே ஆட்டத்தின் மூன்றாம் பாகத்தில் நம் ஊர்க் கைகளும் சேர்ந்தன.

2020 அக்டோபர் 6-இல் முழுமை பெறாத முன்னோட்டப் பதிப்பு விற்பனைக்கு வந்தது. ஜிஓஜியில் பூட்டில்லாமல். கூடவே ஸ்டேடியாவிலும். ஸ்டேடியாவில் ஆட்டம் உங்கள் கணினியில் ஓடாது. கூகிளின் லினக்ஸ் கணினிகளில் ஓடும், படம் மட்டும் உங்கள் திரைக்கு வரும். அதற்காக லாரியான் தன் ஆட்டத்தை லினக்ஸுக்கு மாற்றியது. மலேசியாவுக்கு ஸ்டேடியா வரவே இல்லை. கோலாலம்பூரில் உட்கார்ந்து அந்த ஆட்டத்துக்கு உழைத்தவரால் தன் வீட்டிலிருந்து அந்தச் சேவையில் அதை வாங்க முடியவில்லை.

2022 செப்டம்பர் 29. ஸ்டேடியாவை மூடப்போவதாகக் கூகிள் அறிவித்தது. கடைசி நாள் 2023 ஜனவரி 18. முழு ஆட்டம் அப்போது இன்னும் வெளிவந்திருக்கவில்லை. அங்கே வாங்கியவர் கையில் வட்டும் இல்லை, கோப்பும் இல்லை. கூகிள் காசைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. ஆனால் லினக்ஸில் ஓடிய அந்த ‘பால்டர்ஸ் கேட் 3’? அது ஓடிய கணினிகள் எல்லாம் கூகிளுடையவை.

2022 பிப்ரவரியிலேயே வால்வ் நிறுவனம் கைக்கடக்கமான ஓர் ஆட்டக் கருவியை விற்கத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்தது லினக்ஸ். அதற்கென்று இந்த ஆட்டத்தை மீண்டும் லினக்ஸுக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியது லாரியானின் தலைமை அல்ல. வேலை நேரம் முடிந்த பிறகு, யாரும் கேட்காமல், ஒரே ஒரு பொறியாளர் அதில் கை வைத்தார்.

(தொடரும்)