ரம்பப் பிடியில் ஒரு குடும்ப வரலாறு

நம் வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் மரம் அறுத்துக் கொடுத்த கைரம்பத்தை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும் அமெரிக்க நாட்டு டிஸ்டன் ரம்பமொன்று கையில் கிடைத்தால் அதன் மரப்பிடியைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம். திருகாணிகளுக்கிடையே பித்தளை வில்லையொன்று பதிந்திருக்கும். அதில் தந்தையின் பெயர் மட்டும் இருந்தால் அந்த ரம்பம் 1865க்கு முற்பட்டது. ‘டிஸ்டனும் மகனும்’ என்றிருந்தால் 1865க்கும் 1871க்கும் இடைப்பட்டது. ‘மகன்களும்’ என்றிருந்தால் அதற்கும் பிற்பட்டது.

அந்தத் தந்தை ஹென்றி டிஸ்டன், இங்கிலாந்தில் டியூக்ஸ்பரி என்னும் ஊரில் 1819இல் பிறந்தவர். 1833இல், பதினான்கு வயதில், தந்தையோடும் சகோதரியோடும் பிலடெல்பியா நகரில் கரையிறங்கினார். மூன்றாம் நாள் தந்தை காலமானார்! பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நமக்கு இந்த ஒரு வரியே போதும். மேலே விவரிக்க வேண்டியதில்லை. அச்சிறுவர் ரம்பப் பட்டறையொன்றில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். 1840இல் 350 டாலர் முதலோடு தாமே பட்டறை வைத்தார். துறையிலிருந்து நிலக்கரியைத் தள்ளுவண்டியில் தாமே தள்ளிக்கொண்டு வந்தார் என்பர். 1849இல் கொதிகலன் வெடித்துப் பட்டறை அழிந்தது. 1864இல் தீ விபத்து. இரு முறையும் மீண்டும் கட்டினார்.

ரம்பம் செய்வது எளிய வேலையன்று. எஃகுத் தகட்டைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே மறுபடியும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். அப்போது தகடு நெளியும். அந்த நெளிவைச் சுத்தியலால் தட்டி எடுப்பவனே தலைசிறந்த தொழிலாளி. பின்னர், மரத்தில் சிக்காதிருக்க, பல்லோரத்தைவிட முதுகோரத்தை மெலிதாகச் சாணை பிடிப்பார்கள். இத்தனைக்கும் ஆதாரமான எஃகு அந்நாளில் இங்கிலாந்திலிருந்து வந்து கொண்டிருந்தது. பிறர் தயவில் நிற்க விரும்பாத டிஸ்டன் 1855இல் தம் பட்டறையிலேயே எஃகு உருக்கத் தொடங்கினார். இந்தக் குடும்பத்தின் உயர்வுக்கு இதுவே பெருங்காரணம் என்பது நம் கருத்து.

1870களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் வடகிழக்கே, டெலவேர் ஆற்றங்கரையில், டகோனி என்னுமிடத்துக்குத் தொழிற்சாலையை மாற்றத் தொடங்கினார். அதைச் சுற்றித் தொழிலாளர்க்கு ஒரு காலனியே எழுந்தது. வீடு வாங்கக் கடன் வசதியும் இருந்தது. நிலப்பத்திரத்திலேயே, அங்கு மதுக்கடை கூடாது, குதிரை லாயம் கூடாது, கசாப்புக் கூடம் கூடாது என்று எழுதிவிட்டார். இல்லத்தரசிகள் வாழ்த்தியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படியளப்பவரே இருப்பிடத்துக்கும் சட்டம் வகுத்தால் குடியிருப்பவன் வாய் திறப்பது கடினம். குவார்ட்டர்ஸ்வாசிகளாகிய நாம் இதை அறியாதவர்களல்லர்.

1878இல் ஹென்றி டிஸ்டன் மறைந்தார். மூத்த மகன் ஹாமில்டன் பொறுப்பேற்றார். தொழிலை நன்றாகவே நடத்திய அவருக்கு நில ஆசை பிறந்தது. 1881இல் தெற்கே பிளாரிடா மாநிலத்தில் 40 லட்சம் ஏக்கரை ஏக்கர் 25 சென்ட் வீதம் 10 லட்சம் டாலருக்கு வாங்கினார்! சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடிக்க முற்பட்டார். 1893இன் பணநெருக்கடியும், அடுத்து வந்த கடுங்குளிரும் அத்திட்டத்தை வாட்டின. 1896இல் ஐம்பத்தொன்றாம் வயதில் அவர் இறந்தார். குடும்பத்தார் பிளாரிடாவைக் கைவிட்டனர், ரம்பத்தைக் கைவிடவில்லை. மேலும் அறுபதாண்டுக் காலம் அது அவர்களுக்குச் சோறு போட்டது.

1955இல் தொழிற்சாலை பிட்ஸ்பர்க் நகரத்து எச்.கே. போர்ட்டர் கம்பெனிக்கு விற்கப்பட்டது. ஓர் அனாதைச் சிறுவரால் தொடங்கப்பெற்ற தொழில் நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அயலார் கைக்குப் போயிற்று. டகோனியின் பழைய நிலப்பத்திரங்களில் மதுக்கடை கூடாதென்று எழுதிய வாசகமோ, கம்பெனி கைமாறிய பின்னும் அழியாமல் நின்றது.