தரங்கம்பாடி மிஷன் அனாதைப் பள்ளியும் அதன் கல்லறைகளும்

தரங்கம்பாடி மிஷன் அனாதைப் பள்ளி என்பது இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியில் 1707 முதல் டேனிஷ்-ஹாலே லூத்தரன் மிஷன் நடத்திவந்த இலவச உண்டு உறைவிடப் பள்ளிகளைக் குறிக்கும். அது ஒரே கட்டடமாக இருந்ததில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்று, போர்த்துக்கீசியம் பேசிய கலப்பினக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்குத் தனியாக என்று மதில் சூழ்ந்த சிற்றூரின் சில வீடுகளில் பரவியிருந்தது. நிறுவியவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அவரைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் அச்சகத்தையும் 1715இல் முடிந்த புதிய ஏற்பாட்டையும் விரிவாகச் சொல்வார்கள். பள்ளிக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். அங்கே வளர்ந்து அங்கேயே இறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பத்தியிலும் இடம் கிடைப்பதில்லை.

பின்னணி

1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் தரங்கம்பாடியை டேனியருக்குக் குத்தகையாகக் கொடுத்தார். டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. மிளகும் துணியும் தேடி வந்த கப்பல்கள் ஆட்களையும் ஏற்றிச் சென்றன. நெல் விளையும் நாட்டில் அனாதைகள் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்கள் அந்த வணிகத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

1934இல் மேட்டூர் அணை வரும்வரை காவிரி டெல்டாவின் விளைச்சல் அந்தந்த ஆண்டு ஆற்றில் வரும் வெள்ளத்தை நம்பியே இருந்தது. போர் வந்தால் கரைகள் உடையும், வாய்க்கால்கள் தூர்ந்துபோகும், மாடுகள் கொள்ளைபோகும். அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் மிஞ்சாது. பிஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடிய 1659–61 பஞ்சத்தில் மட்டும் நாகப்பட்டினம் முதலான துறைகளிலிருந்து டச்சுக் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பியதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். டேனியரும் இந்த வணிகத்தில் கை நனைத்தவர்களே. ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாத தாய் தகப்பன் பிள்ளையை விற்பது அக்காலக் கடற்கரையில் கேள்விப்படாத செய்தி அல்ல. பிள்ளையைக் கப்பல்காரர் வாங்கலாம், வீட்டு வேலைக்கு ஊர்க்காரர் வாங்கலாம். 1707க்குப் பிறகு மிஷன் பள்ளியும் ஒரு புகலிடமாகச் சேர்ந்தது.

ஹாலே மாதிரி

சீகன்பால்குவும் ஹைன்ரிக் புளுட்சாவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக். ஆனால் அவர்கள் மனத்தில் இருந்த பள்ளி ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்தது. அங்கே அகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695இல் உண்டியலில் விழுந்த சிறு தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது பெரிய அனாதை இல்லமாகவும் மருந்துக் கடை, புத்தகக் கடை, அச்சகம் உடைய தனி நகரமாகவும் வளர்ந்தது. மருந்தும் புத்தகமும் விற்ற வருமானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. இந்த ஏற்பாட்டையே சோழமண்டலக் கரையில் நட்டுப் பார்த்தார்கள். அச்சகம் 1712–13இல் வந்தது. பொறையாற்றில் காகித ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள். மருந்து விற்ற வருமானம் மட்டும் இங்கே கைகூடவில்லை. பள்ளி கடைசிவரை ஐரோப்பிய நன்கொடையையும் கோபன்ஹேகன் கொடுத்த ஆண்டுத் தொகையையுமே நம்பி நின்றது.

அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பது 1708இலேயே தெரிந்துவிட்டது. டென்மார்க்கிலிருந்து வந்த பணப்பெட்டி கப்பலிலிருந்து கரைக்கு வரும் வழியில் படகு கவிழ்ந்து கடலுக்குள் போயிற்று. தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநர் ஹாசியஸுக்கோ மிஷனரிகளைப் பிடிக்கவே இல்லை. ஒரு விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு தலையிட்டதைச் சாக்காக வைத்து, அவரை நான்கு மாதம் கோட்டையில் அடைத்தார்.

பள்ளி நடந்த விதம்

சீகன்பால்கு தமிழ் எழுத்துப் படித்ததே பிள்ளைகளோடு உட்கார்ந்துதான். உள்ளூர் வாத்தியார் ஒருவரை அவருடைய பள்ளியோடு தம் வீட்டுக்கு வரச்சொல்லி, பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியதைப் பார்த்துத் தாமும் எழுதினார். தம் பள்ளியிலும் அந்த முறையை மாற்றவில்லை. முதலில் மணல், பிறகு ஓலையும் எழுத்தாணியும். பாடம் மட்டும் மாறியது: ஞானோபதேசம், ஜெபம், பாட்டு, கணக்கு. சோறு, துணி, புத்தகம் எல்லாம் மிஷன் செலவு. பெண்பிள்ளைகளுக்கு நூல் நூற்கவும் பின்னவும் கற்றுத் தந்தார்கள். தரங்கம்பாடிப் பெண்கள் பள்ளியை இந்தியாவிலேயே முதல் பெண்கள் பள்ளி என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வேறு வகையில் பெண்கள் படித்த இடங்களைக் கணக்கில் எடுக்காத பெருமை அது. தெருப் பெண்பிள்ளைகளைத் தினமும் ஓரிடத்தில் கூட்டி எழுத்துச் சொல்லித் தந்தது அந்த ஊருக்குப் புதிது என்பதில் மட்டும் ஐயமில்லை.

பள்ளியில் இருந்த எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். வறுமையால் விடப்பட்டவர்கள், விதவைத் தாய் ஒப்படைத்தவர்கள், ஐரோப்பியச் சிப்பாய்க்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்து யாரும் உரிமை கோராதவர்கள், அடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்கள் என்று பலரும் சேர்ந்திருந்தார்கள். உறவு இருந்தும் ஆதரவு இல்லாத பிள்ளைகளே அதிகம் என்று சொல்லலாம். ஞானஸ்நானத்தில் அவர்களுக்குப் புதுப்பெயர் வைக்கப்பட்டது. பழைய பெயரோடு சாதியும் ஊரும் உறவும் ஏடுகளிலிருந்து மறையத் தொடங்கின. ஆனால் சாதி வாழ்விலிருந்து மறையவில்லை. மிஷன் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

1716இல் உபதேசிகளையும் வாத்தியார்களையும் உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. தேறிய பையன்கள் அதில் சேர்ந்து, பின்னர் டெல்டாவின் கிராமங்களுக்கு உபதேசியார்களாகப் போனார்கள். பிந்திய தலைமுறையில் இந்த ஊரில் படித்தவர்களில் பெயர் நிலைத்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவர் அனாதை அல்லர்; தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவந்து படிக்கவைத்த பிள்ளை. இந்தப் பள்ளிகளை மிகவும் விரித்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். மீன்களையும் சங்குகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய இயற்கையியலாளர் அவர். கத்தாழை மீன் இனத்துக்கு ‘ஜோனியஸ்’ என்ற அறிவியல் பெயர் அவர் நினைவாகவே வந்தது. முதுமையில் பார்வை மங்கிய நிலையிலும் 15 தமிழ்ப் பள்ளிகளையும் 5 ஆங்கிலப் பள்ளிகளையும் நடத்தி, அந்த அனுபவத்தை எழுதி 1813இல் லண்டனில் அச்சிடச் செய்தார். அதே ஆண்டு இறந்தார்.

கல்லறைகள்

சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் இறந்தார். சக மிஷனரி கிரண்ட்லர் மறு ஆண்டு மார்ச்சில் இறந்தார். இருவரும் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துக்குள், பலிபீடத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள். ஆலய வளாகத்திலும், 1701இல் கட்டிய சீயோன் ஆலயத்தை ஒட்டியும், ஊரின் பழைய டேனிஷ் கல்லறைத் தோட்டத்திலும் பிற்காலத்தவரின் சமாதிகள் உண்டு. கல்லில் பெயர் பெற்றவர்கள் பெரும்பாலும் ஆளுநர்கள், கம்பெனி வணிகர்கள், மாலுமிகள், மிஷனரிகள், அவர்களுடைய மனைவி மக்கள். சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் தொகுத்தபோதும் வாசகம் உள்ள கல்லே கணக்கில் வந்தது.

வாசகம் இல்லாதவர்கள் மறைந்துபோனதற்கு முதல் காரணம் மண். காவிரி டெல்டா வண்டல் நிலம். தோண்டினால் களிமண்ணும் மணலும்தான் வரும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்து வந்தது. கல் வேண்டுமென்றால் விலை கொடுத்து வண்டியிலோ கப்பலிலோ கொண்டுவர வேண்டும். பொதுச் செலவில் வளர்ந்த பிள்ளைக்கு அதைச் செய்ய யார் இருந்தார்கள்? மண்ணைக் குவித்து மேடாக்கி, முடிந்தால் நாலு செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசுவார்கள். இரண்டு ஐப்பசி மழைக்கு அது தரையோடு தரையாகிவிடும். பிறகு அதே இடத்தில் இன்னொருவர்.

இரண்டாவது காரணம் கடல். 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் இன்று இல்லை, கடல் கொண்டுபோயிற்று. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலில் ஒரு பகுதியும் அதே அலைக்குத்தான் போனது. கரையோரத்துக் கல்லறைகள் மட்டும் தப்பியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவதாக ஒன்றுண்டு, அதை இயற்கையின்மேல் போடமுடியாது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்தே புதைத்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவர் நம் காலத்திலும் போராட்டத்துக்கு உள்ளானது. ஒதுக்கப்பட்ட பக்கத்தில் புதைக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பும் ஒதுக்கப்பட்டதாகவே இருந்தது. பெற்றோர் யாரென்று தெரியாத பிள்ளைக்கு எந்தப் பக்கம் என்பதை அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்திருப்பார்கள்.

தஞ்சாவூரில்

தரங்கம்பாடியில் முளைத்த அனாதைப் பராமரிப்பு வழக்கத்தைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனவர் கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1778இல் தஞ்சாவூரில் நிலையாகத் தங்கினார். 1781இல் ஹைதர் அலியின் படை டெல்டாவுக்குள் புகுந்தது. அதன் பின்வந்த பஞ்சத்தில் அவர் முன்கூட்டி வாங்கிச் சேமித்த நெல் பலருக்குக் கஞ்சியாயிற்று. ஆதரவற்ற பையன்களை அவர் தம் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தார்.

அவர் 1798இல் இறந்தார். மானம்புச்சாவடி புனித பேதுரு ஆலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய சுவார்ட்ஸ் ஆலயத்தில் உள்ளது. மரணப்படுக்கையில் சுவார்ட்ஸ், அவர் கையைப் பற்றியபடி சரபோஜி, தலைமாட்டில் கெரிக்கே என்ற மிஷனரி. பள்ளிப் பிள்ளைகளும் கட்டிலருகே நிற்கிறார்கள். இந்த வட்டாரத்து மிஷன் அனாதைகள் கல்லில் இடம்பெற்ற அரிய இடம் இது. மன்னருக்கும் ஐயர்மாருக்கும் பெயர் உண்டு. பிள்ளைகளுக்கு உருவம் மட்டுமே உண்டு. தம் ஆசிரியர் சுவார்ட்ஸின் நினைவாக ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கண்ணந்தங்குடியில் 50 ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பராமரிக்கும் அறம் ஒன்றையும் சரபோஜி வைத்தார்.

அதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று மிஷனுக்கு வெளியே இருந்தது. டெல்டாவில் அனாதைப் பராமரிப்பை மிஷனரிகள்தான் தொடங்கினார்கள் என்ற பேச்சை அது திருத்திவிடும். தஞ்சை மராட்டியர் இராமேசுவரச் சாலையில் சத்திரங்கள் கட்டினார்கள். 1801இல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் சரபோஜி அவற்றின் நடைமுறையை விவரிக்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு, நோயாளிக்கு வைத்தியர், குழந்தைகளுக்குப் பால், வழியில் பேறுகாலம் வந்த பெண்களுக்கு அங்கேயே பராமரிப்பு. வெளியூரார் இறந்து பிள்ளைகள் தனித்து நின்றால் அவர்களைச் சத்திரமே ஏற்றுச் சத்திரத்து ஆசிரியர்களிடம் படிக்கவைத்தது. இறந்தவருக்கு அவரவர் குலமுறைப்படி ஈமக்கடனும் சத்திரச் செலவில் நடந்தது. பிள்ளைக்குச் சோறும் தாய்க்குக் கடைசிக் கடனும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட நிர்வாகம் அது. அக்கணக்குகள் மராத்தியின் மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக எழுதப்பட்டன. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலர் என்பதால் சத்திரத்து அனாதைகளின் வரலாறு மிஷன் அனாதைகளுடையதை விடவும் குறைவாகவே வெளிவந்திருக்கிறது.

பிற்காலம்

நெப்போலியப் போர்க்காலத்தில் 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடி ஆங்கிலேயர் கையில் இருந்தது. ஹாலேயிலிருந்து ஆளும் பணமும் வருவது குறைந்து, பழைய மிஷனின் கடைசி மிஷனரி கேமரர் 1837இல் இறந்தார். 1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார்கள். பள்ளிகளும் ஆலயங்களும் லைப்சிக் மிஷன் கைக்கு வந்தன. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அந்த மரபில் வந்த பள்ளிகளும் விடுதிகளும் ஊரில் இன்னும் நடக்கின்றன, பழைய அனாதைப் பள்ளி என்ற அடையாளம் மட்டும் இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி தரங்கம்பாடியின் மீனவர் தெருக்களில் பேரிழப்பை ஏற்படுத்தியது. அதன்பின் டேனிஷ் அமைப்புகளும் தொல்பொருள் ஆர்வலர்களும் ஊரின் பழைய கட்டடங்களைச் சீரமைத்தார்கள். சீகன்பால்கு வாழ்ந்த வீடு 2017இல் அருங்காட்சியகமாயிற்று. சீரமைப்புப் பட்டியல்கள் கட்டடத்தையும் வாசகமுள்ள கல்லையும் சுற்றியே அமைவது இயல்பு; வெறும் தரையை யாரும் சீரமைக்க முடியாது.

பிள்ளைகளைப் பற்றிய எழுத்து ஆதாரம் இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றைப் பதிந்த சபை ஏடுகள். மற்றொன்று 1710 முதல் ஹாலேயில் அச்சான மிஷன் அறிக்கைகள். பள்ளியில் எத்தனை பிள்ளைகள், அவ்வாண்டு இறந்தோர் எத்தனை என்ற எண்கள் அவற்றில் ஆண்டுதோறும் வரும். நோயில் இறந்த பிள்ளையின் கடைசி வார்த்தைகளும் சில வேளை நன்கொடையாளர் மனம் உருகும்படி விவரிக்கப்பட்டிருக்கும். அந்த விவரிப்புகளை அப்படியே நம்பிப் படிக்கக்கூடாது. பணம் கேட்கும் கடிதத்துக்கு அவை எழுதப்பட்டவை. ஆனால் ஊர்ப்பெயரும் வயதும் சேர்ந்த இறப்புச் செய்தி அவற்றில் கிடைக்கிறது. இவ்வறிக்கைகளை ஹாலே பிராங்கே நிறுவனம் இணையத்தில் படிக்கும்படி வைத்திருக்கிறது. பழைய ஜெர்மன் அச்செழுத்தைப் படிக்கக்கூடிய ஒருவர் தரங்கம்பாடி, பொறையாறு வட்டாரச் சபை ஏடுகளோடு அவற்றை ஒப்பிட்டால் மிஷன் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொகுத்துவிடலாம்.