இரண்டு அடுப்புகள்

செம்மங்குப்பத்துக்கு மேற்கே, ஒன்றுக்கொன்று சில மைல் தூரத்தில், இரண்டு அடுப்புகள் மூட்டப்பட்டன. ஒன்று வடலூரில், மற்றொன்று நெய்வேலியில். இரண்டுக்கும் மண் தந்தவர்கள் கிராமத்து மக்களே.

1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசியோடு வந்தவனிடம் அங்கே சாதி கேட்பதில்லை. 'என்ன வேலை செய்கிறாய்?' என்றும் கேட்பதில்லை.

நெய்வேலியின் கதை வேறு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் பிறந்தது. எத்தனை ஆலைகள், எத்தனை வீட்டு விளக்குகள்! அந்த நன்றியை நாம் மறக்கலாகாது.

ஆனால் இந்த அடுப்புக்கு ஆயுள் உண்டு. முதல் அனல் மின்நிலையம் 2020-ல் ஓய்ந்தது. சுரங்கமும் ஒருநாள் ஓயும். அன்று மனிதனுக்கு என்ன வழி?

2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் இழப்பீட்டுக் கணக்கு பட்டாவிலிருந்து அல்லவா தொடங்குகிறது? நாற்று நட்ட கூலிக்காரியின் பெயர் எந்தப் பட்டாவில் இருக்கிறது?

ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியை விட்டுவிட 2020-ல் சட்டம் செய்தது. சுரங்கப் பகுதிகளுக்கென 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. அதில் பெரும்பங்கு சாலைக்கும் ரயிலுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று நேராகக் கையில் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு 'அடிப்படை வருமானம்' என்று பெயர்.

சும்மா கொடுத்தால் சோம்பேறியாவான் என்பார்கள். 2011-12-ல் மத்தியப் பிரதேசத்தின் சில கிராமங்களில் மாதந்தோறும் நிபந்தனையின்றிப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் விதை வாங்கினார்கள், ஆடு வாங்கினார்கள். சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள். அலாஸ்காவில் 1982 முதல் எண்ணெய்ச் செல்வத்திலிருந்து குடிமக்களுக்கு ஆண்டுதோறும் பங்கு போகிறது. அது பிச்சையல்ல, பங்கு.

பணம் மட்டும் வேலைக்கு ஈடாகாது, அதை ஒப்புக்கொள்வோம். ஆனால் வேறு வேலை வரும்வரை உலை கொதிக்க வேண்டுமே! மண்ணைத் தோண்டி நாட்டுக்கே விளக்கேற்றிய சீமையில், கடைசி விளக்கு அணையும் நாளில், 'உன் பட்டா எங்கே?' என்று கேட்பது தருமமாகுமா? பக்கத்து ஊர் அடுப்பு அப்படிக் கேட்டதேயில்லை.