ப்ரீசெட்டுக்குள் ஒரு கல் அறை

வீட்டில் பாட்டு மிக்ஸ் பண்றவர்களில் பெரும்பாலோர் டிரம்ஸுக்கு ரிவெர்ப் போட்டதும் முதலில் திறப்பது ப்ரீசெட் பட்டியலைத்தான். அதில் 'கேட்டட்' என்றோ 'நான்லின்' என்றோ ஒரு பெயர் அநேகமாக இருக்கும். அதைத் தட்டினால் ஸ்னேர் பெரிதாக வெடிக்கும், ஆனால் இழுத்துக்கொண்டு போகாமல் சட்டென்று அறுந்துவிடும். '80ஸ் சவுண்ட்' என்று நாம் சொல்வது இதைத்தான். இப்போது ஒரே க்ளிக்கில் வரும் இந்தச் சத்தம் முதலில் எப்படி வந்தது என்று தேடிப் போனால், ப்ரீசெட் என்றால் என்ன என்பதே கொஞ்சம் தெளிவாகிறது.

லண்டனில் டவுன்ஹவுஸ் என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதில் ஓர் அறை கல் பதித்தது, நன்றாக எதிரொலிக்கும். பீட்டர் கேப்ரியேலின் மூன்றாவது ஆல்பத்துக்கு (1980) அங்கே டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ். எஞ்சினியர் ஹியூ பட்கம், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட். அங்கிருந்த எஸ்.எஸ்.எல். கன்சோலில், வாசிப்பவர்கள் பேசுவது கண்ட்ரோல் ரூமில் கேட்பதற்காகவே ஒரு தனி மைக் வசதி உண்டு. அறையின் எந்த மூலையிலிருந்து பேசினாலும் கேட்க வேண்டுமே, அதனால் அந்த மைக்கில் மிகக் கடுமையான கம்ப்ரெஸர் வைத்திருந்தார்கள். அது பாட்டைப் பதிவு செய்வதற்கான மைக்கே இல்லை.

காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்தது. டிரம்ஸ் சத்தம் அந்தக் கம்ப்ரெஸரில் நசுங்கி, கல் சுவரின் எதிரொலியையும் சேர்த்துக்கொண்டு பூதாகரமாக வந்தது. பட்கம் அதை விடவில்லை. வயரிங்கை மாற்றி, அந்த மைக்கையே டேப்பில் பதிவு செய்ய வழி செய்துகொண்டார். அதோடு கேட் ஒன்றையும் சேர்த்தார். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்துகிற மாதிரி அதை நிறுத்திவிடும் கருவி அது.

அதைவிட முக்கியமான ஒன்று: அந்த ஆல்பத்தில் சிம்பல் வேண்டாம் என்று கேப்ரியேல் சொல்லியிருந்தார். சிம்பல் சத்தம் நீளமானது. இவ்வளவு கடுமையான கம்ப்ரெஸருக்குள் அது போனால் எல்லாவற்றின் மேலும் 'ஸ்ஸ்ஸ்' என்று பரவும், கேட்டும் ஒழுங்காக மூடாது. ஆக ஒரு கல் அறை, ஒரு கம்ப்ரெஸர், ஒரு கேட், சிம்பல் இல்லாத வாசிப்பு என்று நான்கும் சேர்ந்துதான் அந்தச் சத்தம். 1981-இல் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில், மூன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்கவைத்து டிரம்ஸ் இறங்கியதும் உலகமே அதைக் கேட்டது.

கேட்டவர்களுக்கெல்லாம் அது வேண்டும், ஆனால் எல்லாரிடமும் கல் அறை இல்லை. 80களின் தொடக்கத்தில் ஏ.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஆர்.எம்.எக்ஸ்.16 என்ற டிஜிட்டல் ரிவெர்ப் வந்தது. அதிலிருந்த 'நான்லின்' என்ற புரோகிராம், கல் அறையும் கேட்டும் இல்லாமலே அந்த விளைவை மட்டும் கணக்குப் போட்டுத் தந்தது. பின்னால் யமஹாவின் எஸ்.பி.எக்ஸ்.90 அதையே மிகக் குறைந்த விலையில் கொடுத்தது. 1996-இல் ஸ்டைன்பெர்க் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்த பிறகு பெட்டியும் தேவைப்படவில்லை, ப்ளகின் போதும்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவனின் பார்வையில் ப்ரீசெட் என்பது காமென்ட்களை அழித்துவிட்ட கான்ஃபிக் ஃபைல். மதிப்புகள் அப்படியே இருக்கும், அவை ஏன் அப்படி என்பது இருக்காது. 'சிம்பல் இருந்தால் போடாதே' என்று எந்த மெனுவிலும் எழுதியிருக்காது. சிம்பலும் ஹை-ஹேட்டும் கலந்த முழு லூப் மேல் இதைப் போட்டுவிட்டு, ஏன் குழம்புது என்று தலையைப் பிய்த்துக்கொள்வது அதனால்தான்.

கம்ப்ரெஸர் ப்ரீசெட்டில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 'வோக்கல்' என்று ஒரு ப்ரீசெட் இருக்கிறது, அதில் த்ரெஷோல்ட் -20 டெசிபல், ரேஷியோ 4:1, மேக்கப் கெய்ன் 6 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குரல் -8 வரை போனால் எல்லையை 12 தாண்டுகிறது. அதில் 3 மட்டும் மிஞ்சும், 9 டெசிபல் அமுங்கும். பக்கத்து வீட்டுக்காரர் மெதுவாகப் பதிவு செய்து -22-ஐத் தாண்டவே இல்லை என்றால்? கம்ப்ரெஸர் தொடக்கூட இல்லை. ஆனாலும் 6 டெசிபல் சத்தம் கூடியிருக்கும். அவர் 'ஆஹா, இப்ப நல்லா இருக்கு' என்பார்.

அந்த 'ஆஹா'வுக்கும் வரலாறு உண்டு. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பாஸைச் சரியாகக் கேட்பதில்லை. சத்தத்தைக் கூட்டினாலே பாட்டு நிறைவாகத் தோன்றும். எனவே ப்ரீசெட் போட்டதும், அது கூட்டிய சத்தத்தைக் குறைத்து, முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிட வேண்டும். பல ப்ரீசெட்களின் மாயம் அங்கேயே கலைந்துவிடும்.

2016-இல் ஐசோடோப்பின் நியூட்ரான் வந்தது. டிராக்கைக் கேட்டுப் பார்த்து அதற்கேற்ற செட்டிங்கைச் சொல்கிற ரகம். லெவல் பிரச்சினைக்கு அது நல்ல பதில்தான். ஆனால் இந்தப் பாட்டில் சிம்பல் வேண்டுமா வேண்டாமா என்று அது கேட்காது. அது கேப்ரியேல் எடுத்த முடிவு மாதிரி, பாட்டுக்காரர் எடுக்க வேண்டிய முடிவு.

ப்ரீசெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல் அறை கட்ட யாராலும் முடியாது. படுக்கையறையில் அதன் நிழலாவது கிடைப்பது பெரிய விஷயம். தட்டுங்கள். தட்டியபின் ஒவ்வொரு குமிழாகத் திருப்பி, இது எதற்காக இங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அழிந்துபோன காமென்ட்களைத் திரும்ப எழுதுகிற வேலை அது. அதை நம் காதுதான் செய்ய வேண்டும்.