கைக்குக் கை மாறும் பெட்டி

வெடிபொருள் அடங்கிய பெட்டியை எறிதல் கூடாது. கீழே போடுதல் கூடாது. தரையில் உருட்டவோ இழுக்கவோ கூடாது. கைக்குக் கை மாற்றி, மெல்ல இறக்கி, ஒழுங்காக அடுக்குதல் வேண்டும். 2008-ஆம் ஆண்டின் இந்திய வெடிபொருள் விதிகளிலே இத்தகைய ஒரு கட்டளை காணப்படுகின்றது. ஏட்டிலே படிப்பவருக்கு இது சாதாரணமான எச்சரிக்கையாகத் தோன்றும். ஐப்பசி மாதத்திற்கு முன்னால் சிவகாசியிலே ஒரு லாரியின் பின்புறம் நின்று, பெட்டி ஏற்றுவதைச் சிறிது நேரம் பார்த்தவருக்கு இதன் உட்பொருள் வேறு விதமாக விளங்கும். இது பெட்டியைப் பற்றிய விதி மட்டுமன்று. மனிதனுடைய வேகத்தைப் பற்றிய விதியும் ஆகும். நான்கு பேர் வரிசையாக நின்று கை மாற்றிக் கொடுத்தால், ஒருவன் எறிய மற்றொருவன் ஏந்துவதைவிட நேரம் மிகுதியாகவே செல்லும். அந்த மிகுதி நேரம் யாருடையது? ஏற்றுகின்றவனுடையதா, ஏற்றச் சொல்லுகின்றவனுடையதா? விருதுநகர் வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலின் வரலாற்றிலே இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்விதிகளின் மூலத்தைத் தேடிப் போனால் லண்டன் மாநகரின் ஒரு கால்வாயிலே போய் நிற்போம். 1874-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் விடியற்காலையில், ரீஜண்ட் கால்வாயிலே சென்றுகொண்டிருந்த 'டில்பரி' என்னும் படகு ஒரு பாலத்தின் கீழே வெடித்துச் சிதறியது. வெடிமருந்தையும் எளிதில் தீப்பற்றும் எண்ணெயையும் மற்றச் சரக்குகளையும் அந்தப் படகிலே ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். படகிலிருந்த மூவரும் மாண்டனர். மறு ஆண்டே பிரிட்டனிலே வெடிபொருள் சட்டம் பிறந்தது. 1884-இல் இந்தியாவுக்கும் ஒரு வெடிபொருள் சட்டம் வந்தது. வெடிபொருள் விதிகளெல்லாம் ஆலையிலே தோன்றியவை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அவற்றிற்கு உந்துதலாக இருந்தவற்றுள் ஒன்று சரக்கு ஏற்றிய ஒரு படகு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சட்டம் வந்த காலத்திலே சிவகாசி ஒரு வறண்ட சிற்றூர். மழை குறைவு, பயிர்த்தொழில் நிச்சயமற்றது. 1920-களின் தொடக்கத்திலே ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். முதலில் தீப்பெட்டி, பிறகு வண்ண அச்சுத் தொழில், இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளிலே பட்டாசு. வானம் பொய்த்ததே இங்கு வாய்ப்பாயிற்று. மருந்தையும் காகிதக் குழாயையும் உலர்த்துவதற்கு இந்த வெயிலைப் போல் வேறொன்றில்லை அன்றோ?

தீப்பெட்டித் தொழில் வரும்பொழுதே ஒரு கூலி முறையும் உடன் வந்தது. நாளுக்கு இவ்வளவு என்பதன்று. செய்த எண்ணிக்கைக்கு இவ்வளவு என்பது. குச்சி அடுக்குவோருக்குச் சட்டத்தின் கணக்கு, குழாயில் மருந்து செலுத்துவோருக்குக் குரோஸ் கணக்கு, லாரியில் ஏற்றுவோருக்குப் பெட்டிக் கணக்கு. இம்முறையிலே ஒரு நுட்பம் உண்டு. போர்மேன் வாய் திறந்து "விரைந்து செய்" என்று சொல்ல வேண்டியதே இல்லை. வீட்டிலுள்ள அடுப்பே அதைச் சொல்லிவிடும். மேலாளரின் அவசரம் தொழிலாளியின் அவசரமாக வேடம் மாறிவிடுகின்றது. விபத்துக்குப் பின்னர், "அவர்களாகவே அவசரப்பட்டார்கள்" என்று சொல்லவும் இதுவே இடங்கொடுக்கின்றது.

இனி, ஆலைக்குள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். மருந்தோடு வேலை செய்யும் அறைகள் சிறியவை; ஒன்றுக்கொன்று தொலைவிலே, தனித்தனியாக நிற்பவை. ஓர் அறையிலே நால்வருக்கு மேல் இருக்கலாகாது. மருந்தும் சிறிதளவே இருக்கலாம். தீர்ந்தால் எழுந்து சென்று வாங்கி வர வேண்டும். முடிந்த சரக்கை உடனுக்குடன் வேறிடத்திற்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒன்று வெடித்தால் நால்வரோடு போகட்டும், நாற்பது பேரைக் கொள்ள வேண்டாம் என்பதே இதன் கொடிய கணக்கு. ஆயினும் இதற்குள்ளே வேறொரு நன்மையும் ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன். அறைக்கும் அறைக்கும் இடையே நடக்கின்ற அந்த நடைதான் தொழிலாளிக்குக் கிடைக்கும் ஓய்வு. குனிந்த முதுகு நிமிர்கின்றது. கண் வெளிச்சத்தைப் பார்க்கின்றது. அலுமினியப் பொடி படிந்த கை சற்று நிற்கின்றது. சட்டத்திலே ஓய்வு என்று எழுதப்படாத ஓய்வு அது.

சரக்குக்காகக் காத்திருக்கும் மேற்பார்வையாளனின் கண்ணுக்கு அதே நடை வீண்பொழுதாகப் படுகின்றது. நடையை ஒழிக்க வழி எளிது. மருந்தை அறையிலே மிகுதியாகக் குவித்துவிட்டால் எழுந்து போக வேண்டியதில்லை. நால்வருக்குப் பதில் எண்மரை உட்கார வைத்தால் இன்னும் நல்லது. அறை போதாவிட்டால் மரத்தடி இருக்கிறது. இந்தப் பட்டியல் என் கற்பனையன்று. அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, அறைக்கு வெளியே வேலை என்பவை இவ்வட்டாரத்து விபத்து விசாரணைகளிலே திரும்பத் திரும்ப வருகின்றன. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையிலே ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். உதவி செய்ய ஓடியவர்களும் பார்க்கச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அவ்வாண்டுத் தீபாவளி நவம்பர் 13-இல் வந்தது. சரக்கு வடநாடு சென்று சேர வேண்டிய வாரங்கள் அவை.

மேற்பார்வையாளனைக் கொடியவனாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. பெரும்பாலும் அவனும் அதே ஊரான். அதே அறை வாசலிலே நிற்பவன். அவனுக்கு மேலே முதலாளி, முதலாளிக்கு மேலே வியாபாரி, எல்லோருக்கும் மேலே பஞ்சாங்கம். ஏனைய தொழில்களிலே தவணை தள்ளிப்போகலாம், தீபாவளி தள்ளிப்போகாது. அதனோடு வடகிழக்குப் பருவமழையும் அதே காலத்திலேதான் வந்து சேரும். மழையால் இழந்த நாள்களை வெயில் வந்தவுடன் ஈடுசெய்யும்படி மேலிருந்து ஆணை வருகின்றது.

ஆனால் பஞ்சாங்கத்தின் மேலேயே பழியைப் போட்டுவிடவும் முடியவில்லை. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்திலே 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபொழுது தீபாவளி வெகு தொலைவிலே இருந்தது. அங்கே பேசப்பட்டது உள்குத்தகை. உரிமம் பெற்றவர் ஒருவர். அறைகளை வாடகைக்கு எடுத்து வேலை நடத்துபவர் வேறொருவர். வாடகை கொடுத்தவன் குறைந்த நாள்களிலே நிறைந்த சரக்கை எடுக்கப் பார்ப்பான். அவனுக்கு நாள்தோறும் தீபாவளிதான்.

பெட்டி ஏற்றுவோரின் நிலைக்கு மீண்டும் வருவோம். சுமை தூக்குவோரைச் சட்டம் அடியோடு மறந்துவிடவில்லை. 1967-இல் சர்வதேசத் தொழில் நிறுவனம், ஒரு மனிதன் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்று பரிந்துரைத்தது. தமிழ்நாடும் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளருக்கென ஒரு சட்டம் செய்தது. இவை எடையையும் நலநிதியையும் கவனித்தன. பட்டாசுப் பெட்டியின் தீங்கோ அதன் எடையில் இல்லை. எளிதாகத் தூக்க முடிவதனாலேயே அது எறியப்படுகின்றது.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னதாக, சிவகாசியிலே ஒரு கிடங்கின் முன்னே வண்டியில் பட்டாசு ஏற்றிக்கொண்டிருந்தபொழுது தீப்பற்றியது. அருகிலே நோயாளிகளைப் படம் பிடித்துப் பார்க்கும் ஸ்கேன் நிலையம் ஒன்று இருந்தது. புகை அங்கே புகுந்தது. சோதனைக்காக வந்து காத்திருந்தவர்களும் அங்கே பணி புரிந்தவர்களும் மூச்சுத் திணறி மாண்டனர். பட்டாசுக்கும் அவர்களுக்கும் ஒரு சுவர்தான் தொடர்பு. ஏற்றும் வேலையின் வேகம் ஏற்றுபவனோடும் ஏவுபவனோடும் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அவசரத்தைக் கண்டு அஞ்சும் தொழிலாளி என்ன செய்யலாம்? போபால் விஷவாயு விபத்துக்குப் பின்னர், 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயம் நெருங்குவதாக நியாயமான அச்சம் கொண்ட தொழிலாளி அதனைப் பொறுப்பாளரிடம் தெரிவிக்கலாம்; தொழிற்சாலை ஆய்வாளருக்கும் அப்பொழுதே அறிவிக்கலாம்; உடனே பரிகாரம் காண்பது பொறுப்பாளரின் கடமை என்று அத்திருத்தம் கூறியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆய்வாளர் இருப்பது நகரத்திலே. பெட்டி எண்ணிக் கூலி வாங்குபவன் முதலிலே போய்ச் சொல்ல வேண்டியது, லாரியருகே கணக்கு நோட்டோடு நின்று, இருட்டுவதற்குள் இன்னும் எத்தனை பெட்டி என்று கேட்டுக்கொண்டிருக்கும் அதே மனிதரிடம்.