செர்னோபில் குழந்தைகளின் கழுத்துக்குள் நடந்தது என்ன?

'ஆன்டிஆக்ஸிடன்ட்'ங்கிற வார்த்தை இப்போ கிரீன் டீ பாக்கெட்ல இருந்து ஃபேஸ் கிரீம் வரைக்கும் எல்லா இடத்துலயும் இருக்கு. உடம்புக்குள்ள அது உண்மையிலேயே என்ன வேலை செய்யுது? அது தோத்துப்போனா என்ன ஆகும்? இதுக்கான பதிலை உலகம் ஒரு பெரிய விபத்திலிருந்துதான் கத்துக்கிச்சு. இன்னிக்கு அந்தக் கதை.

1986 ஏப்ரல் 26, அதிகாலை 1.23 மணி. அன்றைய சோவியத் உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நாலாவது உலை வெடித்தது. வெளியே பரவிய பொருட்களில் ஒன்று அயோடின்-131. எட்டு நாளைக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். ரெண்டு மூணு மாசத்துல கிட்டத்தட்ட காணாமலே போயிடும். ஆனா அதுக்குள்ள அது புல்லில் படிந்தது, மாடு அந்தப் புல்லை மேய்ந்தது, பால் குழந்தைகளுக்குப் போனது. தைராய்டு சுரப்பிக்கு ஹார்மோன் செய்ய அயோடின் வேணும். வர்றது சாதா அயோடினா, கதிரியக்க அயோடினா என்று அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. குழந்தைகளோட சுரப்பி சின்னது, அவங்க குடிக்கிற பாலோ அதிகம். அதனால பாதிப்பும் அவங்களுக்குத்தான் அதிகம்.

பக்கத்திலிருந்த பிரிப்யாட் நகரத்தை மறுநாளே காலி செய்தார்கள். ஆனா சோவியத் அரசு விபத்தை வெளியில் சொன்னது 28-ஆம் தேதி இரவு. அதுவும், அன்று காலையில் ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிரியக்கம் பதிவான பிறகு. இதற்குள் காற்று பெலாரஸ் கிராமங்கள் மேல் அடித்துவிட்டது. அங்கே நிறைய குழந்தைகள் வழக்கம்போல அதே பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

1992-இல் கசகோவ், டெமிட்சிக், அஸ்டகோவா என்ற மூன்று பெலாரஸ் மருத்துவர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார்கள். முன்பு வருஷத்துக்குச் சராசரியா நாலு குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த தைராய்டு புற்றுநோய், 1991-இல் மட்டும் 55 குழந்தைகளுக்கு வந்திருந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் பலர் நம்பவில்லை. "இவ்வளவு சீக்கிரம் வராது, நீங்க தேடித்தேடிப் பரிசோதிக்கிறதால தெரியுது" என்பது அவங்க வாதம். எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனது. 2005 வரைக்கும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் என்று ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு பதிவு செய்தது. அதில் இறந்தவர்கள் 15 பேர். மற்றவர்களை அறுவை சிகிச்சை காப்பாற்றியது. கழுத்தில் தழும்பு மிஞ்சியது. அந்தத் தழும்புக்கு 'செர்னோபில் நெக்லஸ்' என்றே பேர் வந்துவிட்டது.

சரி, அயோடின் அங்கே போய்ச் சேருது, அதனால புற்றுநோய். இதோட கதை முடிஞ்சுதா? இல்லை.

தைராய்டு செல் ஹார்மோன் செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. காயத்தில் ஊற்றினா நுரைக்குமே, அதேதான். டுவாக்ஸ் என்ற என்சைம் அதைத் தயாரிக்குது. இன்னொரு என்சைம் அதை வைத்து அயோடினைப் புரதத்தில் ஒட்டுது. நம்ம பாஷையில சொன்னா இது பக் இல்லை, ஃபீச்சர். ஆனா அளவு மீறினா அதே பெராக்சைடு டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். அதனால கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் மாதிரி என்சைம்கள் கசிவை உடனுக்குடன் சுத்தம் செய்யுது. இவைதான் செல்லோட சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட்கள். இதில் இரண்டாவது வகைக்கு செலினியம் வேணும். உடம்பிலேயே ஒரு கிராம் திசுவுக்கு அதிக செலினியம் வைத்திருக்கும் உறுப்பு தைராய்டுதான். உற்பத்திக்கும் சுத்தம் செய்வதற்கும் இருக்கிற சமநிலை குலைவதற்கு 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்முட் சீஸ் பெயர் வைத்தது 1985-இல், செர்னோபிலுக்கு முந்தின வருஷம்.

செர்னோபில் குழந்தைகளின் கட்டிகள் பலவற்றில் ஒரே மாதிரி பிழை இருந்தது: ரெட் என்ற ஜீன் உடைந்து, தப்பான துண்டோடு ஒட்டியிருந்தது. 2010-இல், பாரிஸ் பக்கத்திலுள்ள குஸ்தாவ் ரூஸி ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் தைராய்டு செல்கள் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டும் சேர்த்தே இந்தப் பிழையை உண்டாக்கினார்கள். முன்கூட்டியே கேட்டலேஸ் கொடுத்தபோது, கதிர்வீச்சு பட்டும் பிழை குறைந்தது. 2015-இல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது: கதிர்வீச்சு நின்று பல நாட்களுக்குப் பிறகும் செல்லே பெராக்சைடு தயாரித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த தாக்குதல் முடிஞ்ச பிறகும், உள்ளே சேதம் தொடருது.

அப்போ ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டா போதுமா? அவ்வளவு சுலபமில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 1994-இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. செல்லோட பாதுகாப்பு ரொம்ப நுணுக்கமானது. டப்பாவில் வாங்கி உள்ளே கொட்டினா அது பலப்படும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

செர்னோபிலில் பலன் தரக்கூடியதா இருந்தது வேற. போலந்து ஏப்ரல் 29-ஆம் தேதியே அயோடின் கொடுக்க ஆரம்பித்து, ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குக் கொடுத்தது. நல்ல அயோடின் சுரப்பியை முதலிலேயே நிரப்பிவிட்டா கெட்டது உள்ளே வர இடமில்லை. மண்ணிலேயே அயோடின் குறைவான பகுதிகளில் கதிர்வீச்சின் ஆபத்து மூன்று மடங்காக இருந்ததை 2005-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

செல்லுக்குள்ள இருக்கிற காவல் பெரிய வேலைதான் செய்யுது. ஆனா பெலாரஸ் குழந்தைகளுக்கு அன்னிக்குத் தேவைப்பட்டது அதுக்கும் முன்னாடி வரவேண்டிய ஒரு வாக்கியம்: "இந்தப் பாலைக் குடிக்காதீங்க." அதைச் சொல்ல வேண்டியவங்க தெரிஞ்சிருந்தும் நேரத்துக்குச் சொல்லலை.