தட்டினால் பேசிய கருவி

சில ஆண்டுகளுக்கு முன், கல்வராயன் மலையில் வெள்ளிமலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஒருவரின் பாடலைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மழைக்காலம். பாதியில் ஒலிவாங்கி கரகரத்து அடங்கிவிட்டது. விரலால் தட்டிப் பார்த்தேன், பயனில்லை.

தட்டுவதும் ஒரு காலத்தில் முறையான பழுதுநீக்கமே. 1878 வாக்கில் ஹியூஸ், எடிசன், ஹன்னிங்ஸ் ஆகியோரின் முயற்சிகளால் உருப்பெற்றது கரி ஒலிவாங்கி. குரலால் அதிரும் தகடு கரித்துகள்களை நெருக்க, அவற்றின் மின்தடை மாறும். துகள்கள் நாளடைவில் இறுகிப்போனால் குரல் மங்கும். ஒரு தட்டுத் தட்டினால் அவை மீண்டும் தளரும். தொலைபேசிகளில் இக்கருவி ஏறத்தாழ நூறாண்டு நிலைத்தது.

1962இல் பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்ட்டும் எலெக்ட்ரெட் ஒலிவாங்கியை உருவாக்கினர். மின்னேற்றத்தை நிலையாகத் தாங்கும் மெல்லிய படலமே அதன் உயிர். பொத்தானளவேயான அதன் கேப்சூலுக்குள் ஒரு சிறு டிரான்சிஸ்டரும் உண்டு. ஈரம் புகுந்தால் மின்கசிவு. பற்றவைக்கும்போது சூடு மிகுந்தால் கேப்சூலே பாழ்.

கள்ளக்குறிச்சியில் பழுதுபார்ப்பவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். மின்னழுத்தம் சரி, கம்பியும் சரி. கேப்சூலை மாற்றினார், ஒலிவாங்கி பேசியது.

திரும்பிச் சென்றபோது மூதாட்டி மறுக்காமல் பாடினார். ஆனால் அடிகள் வேறாக இருந்தன. வாய்மொழிப் பாடலுக்கு மாற்று உறுப்பு கிடைப்பதில்லை. இப்போது மலையேறும்போது இன்னொரு ஒலிவாங்கியையும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லையும் காற்றுப்புகாத டப்பாவில் எடுத்துச் செல்கிறேன்.